தகரப் பெட்டியில் இருந்த குரல்

சென்ற ஆண்டு பொங்கலுக்கு முன்னால் ஊர் வீட்டிற்கு வெள்ளையடித்தோம். பரண்மேல் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி முற்றத்தில் வைத்தபோது, பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று கைக்கு வந்தது. மூடி துருவேறி இறுகியிருந்தது. அரிவாள்மணையின் முனையைக் கொடுத்து நெம்பித்தான் திறக்க வேண்டியிருந்தது.

உள்ளே கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் மூன்று சின்னஞ்சிறு ஒலிநாடாப் பேழைகளும் இருந்தன. பேழைகளின் முதுகில் என் அண்ணனின் கையெழுத்து: "அப்பாயி 1", "அப்பாயி 2", "அப்பாயி 3 – மழை". நெடுநேரம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாயி 1996-இல் இறந்தார். அண்ணன் 2011-இல் போய்விட்டார். இப்படி ஒரு பதிவு நடந்ததே என் நினைவிலிருந்து ஏறத்தாழ அழிந்திருந்தது.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பியதும் ஒரு பேழையை இயற்பியல் வகுப்பில் காட்டி, இது என்ன என்று கேட்டேன். வீடியோ காமிராவில் போடுவது என்றார் ஒருவர். பழைய கணினியில் செருகுவது என்றார் இன்னொருவர். ஒரு மாணவி மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது பாட்டுக் கேசட்டோட குட்டியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் உண்மைக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான்.

இதன் பெயர் டிஜிட்டல் ஆடியோ டேப்; சுருக்கமாக டி.ஏ.டி. 73 மில்லிமீட்டர் நீளம், 54 மில்லிமீட்டர் அகலம், பத்தரை மில்லிமீட்டர் தடிப்பு. நாம் எல்லோரும் அறிந்த கேசட்டில் பாதி அளவுதான். 1987-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வீட்டில் இருந்தபடியே ஒலிப்பதிவுக் கூடத்திற்கு இணையான தரத்தில் பதிவு செய்து கொள்ளலாம் என்று சொல்லி விற்றார்கள். அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்குள் அது நுழையவே இல்லை. எங்கள் வீட்டிற்குள் நுழைந்ததே ஒரு விபத்துப் போலத்தான்.

அண்ணன் அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் மின்பணியாளராக இருந்தார். 1994 பொங்கலுக்கு விடுப்பில் வந்தவர், அம்மாவுக்குப் புடவை, எனக்குக் கைக்கடிகாரம், அப்பாவுக்குப் போர்வை என்று எடுத்து வைத்துவிட்டு, கடைசியாகத் துணிக்குள் சுற்றி வைத்திருந்த இந்தக் கருவியை வெளியே எடுத்தார். யாரோ பயன்படுத்தியதைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தார். அப்படியும் விலையைக் கேட்ட அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தக் காசுக்கு மூணு பவுனு எடுத்திருக்கலாமேடா" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: அப்பாயி பாடுவதைப் பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் அப்பாயி நடவுப் பாட்டில் பேர் போனவர். வரிசையில் அவர் முதல் அடி எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் கை வேகமாக ஓடும் என்பார்கள். தாலாட்டும் பாடுவார். ஒப்பாரிக்கு அவரைப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து அழைத்துப் போவார்கள். இவற்றையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்குக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அண்ணனுக்குத் தோன்றியது.

காணும் பொங்கலன்று இரவு திண்ணையில் முதல் பதிவு நடந்தது. தாலாட்டும் நடவுப் பாட்டும் பாடினார். ஒப்பாரி பாடச் சொன்னபோது மட்டும் சீறி விழுந்தார். "நல்ல நாளும் அதுவுமா, வூட்டுக்குள்ள ஒக்காந்துகிட்டு ஒப்பாரி வைக்கச் சொல்றியே, ஒனக்குப் புத்தி இருக்கா?" என்றார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்பது அவர்கள் வழக்கம். அண்ணன் விடவில்லை. மறுநாள் காலையில் வயலில் உள்ள மோட்டார் கொட்டகைக்கு அப்பாயியை அழைத்துப் போனார். நான்தான் குடையும் பாயும் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு வேடிக்கை. தைப் பனி அப்போதுதான் இறங்கி முடிந்திருந்தது. கருவியை முடுக்கினால் ஓட மறுக்கிறது. ஈரம் என்று ஒரு குறி மட்டும் கண் சிமிட்டுகிறது. உள்ளே சுழலும் உருளையில் ஈரம் படிந்தால் நாடா அதில் ஒட்டிக் கிழிந்துவிடும் என்பதால், தானே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். வெயில் ஏறும்வரை மூவரும் வரப்பில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தோம். "பனிக்குப் பயப்படுற மிஷினு எனத்துக்குடா?" என்று அப்பாயி கேட்டது நினைவிருக்கிறது.

கருவியின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இயற்பியல் ஆசிரியன் என்ற உரிமையில் இதற்கு இடம் எடுத்துக்கொள்கிறேன். இலக்கிய நண்பர்கள் பொறுத்துக்கொள்க.

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சாதாரணக் கேசட்டில் ஒலியின் ஏற்ற இறக்கம் அப்படியே காந்தத்தின் ஏற்ற இறக்கமாகப் பதிகிறது. நாடாவில் எழும் இரைச்சலும் அதனுடன் கலந்துவிடுகிறது. டிஜிட்டல் முறையில் ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அளவுகளை எண்களாக எழுதி வைக்கிறோம். டி.ஏ.டி.யில் நொடிக்கு 48,000 முறை, ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்கள், இடம் வலம் என்று இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரு நொடிக்கு 15 இலட்சத்து 36 ஆயிரம் இலக்கங்கள். இவ்வளவையும் ஒரு நாடாவில் எழுதுவது எளிதன்று.

முதலில் இதற்கு வீடியோ நாடாவைத்தான் நாடினார்கள். 1977-இல் சோனி நிறுவனம் வீட்டு வீடியோ கருவியுடன் இணைத்து ஒலியை எண்களாகப் பதியும் ஒரு பெட்டியை விற்றது. எண்கள், திரையில் தோன்றும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாறி வீடியோ நாடாவில் பதியும். இசைத்தட்டான சி.டி.யில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்களே, அந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அது இந்த வீடியோ நாடாவின் பிள்ளை. அமெரிக்க, ஜப்பானிய வீடியோவில் நொடிக்கு 60 புலங்கள், புலத்திற்குப் பயன்படும் கோடுகள் 245, கோட்டிற்கு 3 அளவுகள். 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய வீடியோவில் 50 × 294 × 3, அதுவும் 44,100தான். இரண்டு உலகங்களுக்கும் பொதுவாக ஓர் எண் அகப்பட்டதும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

வீடியோவின் இன்னொரு தந்திரத்தை டி.ஏ.டி. கடன் வாங்கியது. நாடாவை வேகமாக ஓட்டுவதற்குப் பதிலாகப் பதிவுத் தலையைச் சுழற்றுவது. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாய்ந்த உருளை ஒன்று நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றுகிறது. அதில் இரண்டு பதிவுத் தலைகள். நாடா நொடிக்கு 8.15 மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது. சாதாரணக் கேசட்டின் வேகத்தில் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆனால் தலைக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகமோ நொடிக்கு மூன்று மீட்டருக்கும் மேல். விளைவு, நாடாவின் குறுக்கே சாய்வான கோடுகளாக எண்கள் பதிகின்றன. ஒரு கோட்டின் அகலம் 13.6 மைக்ரோமீட்டர். தலைமயிரின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். 60 மீட்டர் நாடாவில் இரண்டு மணி நேரம் பாடலாம்.

இத்தனை மெல்லிய கோட்டில் ஒரு தூசு விழுந்தால் என்ன ஆவது? அதற்கென்று மிகுதியான எண்களையும் சேர்த்து எழுதி, தொலைந்ததைக் கணக்கிட்டு மீட்கும் ஏற்பாடு உண்டு. ரீட் – சாலமன் முறை என்பது அதன் பெயர். சிறு காயங்களைக் கருவி தானே ஆற்றிக்கொள்ளும். நம் காதுக்குத் தெரியாது. காயம் பெரிதானால் ஊகித்து நிரப்பும். அதற்கும் மேலே போனால் வாய் மூடிக்கொள்ளும். இங்கேதான் பழைய கேசட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. கேசட் மனிதரைப் போல மெல்ல மெல்ல முதுமை அடைகிறது. குரல் கம்மும், இரைச்சல் கூடும், ஆனாலும் பேசிக்கொண்டிருக்கும். டி.ஏ.டி. கடைசி நாள்வரை இளமையாக இருந்துவிட்டுத் திடீரென்று ஊமையாகிவிடும்.

தகரப் பெட்டியில் இருந்த அண்ணனின் கருவி ஊமையாகியிருந்தது. அதற்குக் காரணம் நாங்களேதான். நான்கு பாட்டரிகளையும் உள்ளேயே விட்டு மூடி வைத்திருக்கிறோம். அவை கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, உள்ளிருந்த மெல்லிய கம்பிகளைத் தின்றிருந்தன. வேறு கருவி வேண்டும். ஆனால் 2005-ஆம் ஆண்டுடன் சோனி நிறுவனம் டி.ஏ.டி. கருவிகள் செய்வதை நிறுத்திவிட்டது. பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் பணம் அனுப்பி ஒன்று வரவழைத்தேன். வந்தது, விளக்கு எரிந்தது, நாடாவை உள்ளே இழுத்தது, அப்படியே வைத்துக்கொண்டது. வெளியே எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

பிறகு என் நண்பர் ஒருவர் வழியாகச் சென்னையில் ஒரு பெரியவரின் அறிமுகம் கிடைத்தது. ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டு மாடியில் இரண்டு டி.ஏ.டி. கருவிகளைத் துணி போர்த்தி வைத்திருந்தார். வீடுகள் கைவிட்ட டி.ஏ.டி.யை ஒலிப்பதிவுக் கூடங்கள் கைவிடவில்லை. 1990-களில் அங்கெல்லாம் அது அன்றாடப் பொருள். என் பேழைகளை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "பூஞ்சை இல்ல தம்பி. பயப்படாதீங்க" என்றார்.

முதல் நாடா ஓடத் தொடங்கியது. முதலில் தவளைச் சத்தம். பிறகு யாரோ சொம்பைக் கீழே வைக்கும் ஓசை. அதற்குப் பிறகு மிக அருகில், என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல அண்ணனின் குரல்: "ம்… பாடு அப்பாயி." நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. பெரியவர் கவனிக்காததுபோலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாடாவில் இரைச்சல் என்பதே இல்லை. முப்பது ஆண்டுகளின் தூசு எதுவும் அந்தக் குரலில் படியவில்லை. அப்பாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொள்வதுகூடக் கேட்டது.

கருவியின் சாளரத்தில் பதிவு நடந்த நாளும் நேரமும் தெரிந்தன. டி.ஏ.டி.யில் பாட்டின் எண்களோடு இந்தக் குறிப்புகளையும் பதிய இடம் உண்டு. 1994 ஜனவரி 16, இரவு 11 மணி 12 நிமிடம். நான் குழம்பினேன். நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும் பதிவு தொடங்கியது நன்றாக நினைவிருக்கிறது. கிராமத்தில் பதினொரு மணிவரை யார் விழித்திருந்தார்கள்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. அண்ணன் கருவியின் கடிகாரத்தை மாற்றவில்லை. அது சிங்கப்பூர் நேரம். இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் 8 மணி 42 நிமிடம். எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதும் அந்தக் கருவி சிங்கப்பூரில்தான் இருந்திருக்கிறது. பதினெட்டு நாள் விடுப்பில் வந்த மனிதருக்கு அதை மாற்றத் தோன்றவில்லை போலும்.

இரண்டாவது நாடா அவ்வளவு எளிதாக வசப்படவில்லை. ஒப்பாரி இருந்தது அதில்தான். பத்துப் பதினைந்து நொடி ஓடும், பிறகு அமைதி, மறுபடி ஓடும். ஒவ்வொரு கருவியும் தன் உருளையின் சாய்வுக்கும் நாடாவை வழிநடத்தும் சிறு தூண்களின் உயரத்திற்கும் ஏற்பத்தான் எழுதுகிறது. அண்ணனின் கருவி வயலுக்குப் போன வழியில் எங்கோ அடிபட்டிருக்க வேண்டும். அன்று அது எழுதிய கோடுகள் கொஞ்சம் விலகியிருந்தன. தான் எழுதியதைத் தானே படிக்கும். மற்றக் கருவிகளுக்கு அந்தக் கையெழுத்துப் புரியாது.

ஒப்பாரிக்கு நடுவில் அண்ணன் கேட்கிறார்: "இது யாருக்குப் பாடுனது அப்பாயி? தாத்தாவுக்கா?" அப்பாயி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஒங்க தாத்தாவுக்கு இல்லடா. ஒங்க அப்பனுக்கு முந்தி ஒருத்தன் பொறந்தான். அவன் பேரு…" என்கிறார். அந்த இடத்தில் அமைதி. சாளரத்தில் எண்கள் ஓடுகின்றன, ஒலி இல்லை. மறுபடி வரும்போது அப்பாயி வேறு அடிக்குப் போயிருந்தார்.

அப்படி ஒரு பிள்ளை பிறந்ததே எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் சொன்னதில்லை, அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. மூன்று முறை திருப்பி ஓட்டினோம். மூன்று முறையும் அதே இடத்தில் அமைதி. நான் எழுந்து மாடியின் ஓரத்திற்குப் போய் நின்றுகொண்டேன்.

பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, நாடா தப்பாப் பதிஞ்சிருக்கு. நம்ம மிஷினையும் அதே அளவுக்குத் தப்பாக்கணும். அப்பத்தான் கேக்கும். ஆனா, அப்புறம் இத மறுபடி சரியாக்க என்னால முடியுமான்னு தெரியாது. பழைய கைதானே" என்றார். அது அவருடைய சொந்தக் கருவி. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அவர் கருவியின் மேல்தட்டைக் கழற்றி, வழிகாட்டித் தூண்களில் ஒன்றை நூலிழை அளவு திருப்பினார். கேட்டார். மறுபடி திருப்பினார். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, அந்த அமைதி இருந்த இடத்தில் அப்பாயியின் குரல் வந்தது. பெயர் முழுதாகக் கேட்டது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அறுபது எழுபது ஆண்டுகள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

கிடைத்ததை உடனே படியெடுத்துவிட வேண்டும் என்றார் பெரியவர். ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு ஒளியிழை வழியாக, எண்ணுக்கு எண் மாறாமல் ஒரு படி எடுத்தோம். ஒன்று என் கையில் இருக்கட்டும், அத்தை வீட்டிற்கு இன்னொன்று வேண்டும் என்று அந்தப் படியிலிருந்து மறுபடி எடுக்க முயன்றபோது கருவி மறுத்துவிட்டது. படியெடுக்கத் தடை என்று சாளரத்தில் எழுத்துகள் மின்னின.

எனக்குக் கோபம் வந்தது. என் அப்பாயி, என் அண்ணன் பதிந்தது. தடை செய்வதற்கு இது யார்? பெரியவர் சிரித்துவிட்டு அதன் கதையைச் சொன்னார். பின்னர் நானும் தேடிப் படித்தேன்.

டி.ஏ.டி. வந்தபோது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் நடுங்கிப் போயின. கேசட்டில் படிக்குப் படி தரம் குறையும். பத்தாவது படியைக் காதில் வைக்க முடியாது. டிஜிட்டலில் நூறாவது படியும் முதல் படி போலவே இருக்கும். ஒருவர் வாங்கினால் ஊரே கேட்டுவிடும் என்று அஞ்சினார்கள். முதலில் சி.பி.எஸ். நிறுவனம் ஒரு வழி சொன்னது. இசையிலிருந்து 3,840 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு மெல்லிய கீற்றை வெட்டி எடுத்துவிடுவது. அந்த வெட்டு இருப்பதைக் கண்டால் டி.ஏ.டி. கருவி பதிய மறுக்கும். அந்த அதிர்வெண் பியானோவின் உச்சக் கட்டைகள் ஒலிக்கும் இடம். அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வகம் சோதித்துப் பார்த்து, 1988-இல் அது ஒலியையும் கெடுக்கிறது, வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று தள்ளிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை: அதே 1988-இல் சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தைச் சோனியே விலைக்கு வாங்கிவிட்டது. பதிவுக் கருவி விற்பவரும் அதற்கு அஞ்சுபவரும் ஒரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார்கள்.

1989-இல் ஏதென்ஸ் நகரில் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டிற்கு வந்தார்கள். வீட்டுக் கருவிகளில் ஒரு குறி வைப்பது. மூலத்திலிருந்து டிஜிட்டலாகப் படி எடுக்கலாம், படியிலிருந்து படி எடுக்கக் கூடாது. இதன் பிறகுதான் 1990-இல் அமெரிக்காவில் கருவிகள் விற்பனைக்கு வந்தன. வந்த உடனே பாடலாசிரியர் சாமி கான் முதலியோர் வழக்குப் போட்டார்கள். 1992-இல் சட்டம் வந்தது. விற்கும் ஒவ்வொரு டிஜிட்டல் பதிவுக் கருவியின் விலையில் 2 விழுக்காடும், வெற்று நாடாவின் விலையில் 3 விழுக்காடும் இசைக்காரர்களுக்குப் போக வேண்டும், அந்தக் குறியும் கட்டாயம் என்றது. ஆனால் அதற்குள் ஐந்தாண்டுகள் ஓடிவிட்டன. அதே 1992-இல் பிலிப்ஸ் ஒரு புது டிஜிட்டல் கேசட்டையும், சோனி மினிடிஸ்க் என்ற சிறு வட்டையும் கொண்டுவந்தன. சில ஆண்டுகளில் கணினியிலேயே சி.டி. எழுதும் காலம் வந்தது.

பாட்டெழுதிப் பிழைப்பவர்களின் அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வயிற்றுக்கும் வழி வேண்டும். ஆனால் அந்தக் குறிக்குப் பாட்டு யாருடையது என்று தெரியாது. கடையில் வாங்கிய இசைத்தட்டும் திண்ணையில் ஒலிவாங்கி வைத்துப் பதிந்த தாலாட்டும் அதற்கு ஒன்றே. வீட்டுக் கருவியில் நாமே பாடிப் பதிந்தாலும் ஒரு தலைமுறைப் படிக்கு மேல் இல்லை என்று முத்திரை குத்திவிடும். யாரும் விலைக்குக் கேட்காத குரல்களுக்குப் படியெடுப்பது ஒன்றுதானே பாதுகாப்பு. என் வீட்டிலேயே அதற்குச் சான்று இருந்தது. 1994-இல் அண்ணன் அத்தைக்காக இந்தப் பதிவைச் சாதாரணக் கேசட் ஒன்றில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு ஆண்டுகளில் அத்தை மகன் அதன்மேல் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டான். அன்றைக்கு நாலு வீட்டில் நாலு கேசட் இருந்திருந்தால் நான் சென்னைக்கு அலைந்திருக்க வேண்டாம்.

பெரியவரின் கணினி நல்லவேளையாக அந்தக் குறியைப் பொருட்படுத்தவில்லை. முதல் இரண்டு நாடாக்களையும் அதில் ஏற்றினோம். தூணைத் திருப்பிய கருவி பழைய நிலைக்கு முழுதும் திரும்பவில்லை என்று பின்னர் அறிந்தேன். நான் பணம் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்துவிட்டார்.

சித்திரையில் ஊருக்குப் போய் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம். செல்பேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தாலாட்டுக்குச் சிரித்தார். நடவுப் பாட்டில் ஓர் அடியை அப்பாயி மறந்துவிட்டுச் சமாளிப்பதைச் சட்டென்று பிடித்துவிட்டார்: "இந்த எடத்துல அம்மா முழுங்கிட்டாங்க பாரு." மோட்டார் கொட்டகைப் பதிவு வந்ததும் பேசாமல் கேட்டார். அந்தப் பெயர் வந்தபோது செல்பேசியைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும். எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும். நாந்தான் தூக்கி வச்சிருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு வாட்டி போடு" என்றார்.

மூன்றாவது நாடா இன்னும் பேசவில்லை. அது 1995 ஐப்பசியில் பதிந்தது. நாடா மிச்சப்பட வேண்டும் என்று அண்ணன் அதை நீள்பதிவு முறையில் பதிந்திருக்கிறார். அந்த முறையில் உருளையும் பாதி வேகத்தில் சுழலும், நாடாவும் பாதி வேகத்தில் நகரும். நொடிக்கு 32,000 அளவுகள் மட்டுமே, ஒவ்வொன்றும் 12 இலக்கங்கள். இரண்டு மணி நேர நாடா நான்கு மணி நேரத்திற்கு வரும். பெரியவரின் கருவிகள் ஒலிப்பதிவுக் கூடத்திற்கென்று செய்தவை. அந்த மலிவு முறை அவற்றுக்குத் தெரியாது. அது தெரிந்த வீட்டுக் கருவி ஒன்று கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேர்வுத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் போக வேண்டும். நான்கு மணி நேரம் மழைதான் பெய்கிறதோ, நடுவில் யாராவது பேசுகிறார்களோ, தெரியவில்லை. பேழையை இப்போது தகரப் பெட்டியில் வைப்பதில்லை. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைச் சேர்த்து, ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.